போடியார் வீடு யாருடைய வீடு?

ஜேர்மனியில் வாழும் வாசக நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு மடல் எழுதியிருந்தார். அவர் குடியிருப்பது சில நூறு மக்களே வாழும் ஒரு சிற்றூர். ஊரின் நடுவே பழைய நிலப்பிரபுவின் மாளிகை ஒன்று இருக்கிறதாம். ஊரைப் பற்றி எழுதப்பட்ட சிறு நூலைப் புரட்டினால், அது பெரும்பாலும் அந்த மாளிகையின் வரலாறாகவே இருக்கிறதாம். யார் கட்டினார், யாருக்குப் போனது, எந்தப் போரில் எரிந்தது, யார் திருத்தினார் என்று எல்லாவற்றுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. நண்பரின் பூர்வீகம் மட்டக்களப்பின் படுவான்கரை. மடலின் இறுதியில் அவர் கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் பக்கத்திலும் போடிமார் இருந்தார்கள். ஊரையே ஆண்டார்கள். அப்படியானால் அவர்களுடைய மாளிகைகள் எங்கே?"

நல்ல கேள்வி. பத்திரிகைப் பணி நிமித்தம் வாவியின் இரு கரைகளிலும் பல ஆண்டுகள் அலைந்த எனக்கும் இக்கேள்வி எழுந்ததுண்டு. விடையைத் தேடினால், அது நாம் எதிர்பாராத ஓர் இடத்திற்கு, வீட்டின் அடுக்களைப் பக்கத்திற்கு, நம்மை அழைத்துச் செல்கிறது.

எழுவானும் படுவானும்

புதிய வாசகர்களுக்காகச் சில வரிகள். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடல் எழுவான்கரை. ஞாயிறு எழும் திசை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு படும் திசை. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு, அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர் என்று நீளும் ஊர்கள் யாவும் இக்கரையில் உள்ளவை. இவற்றுள் பல வாவியின் ஓரத்தில் இருக்கின்றன. அவற்றின் வயல்வட்டைகளோ உள்ளே மேற்கில் இருக்கின்றன. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆண்கள் வாடி அமைத்து வயலிலேயே தங்குவார்கள். ஊரில் வீட்டைக் காப்பவர்கள் பெண்கள். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1602ஆம் ஆண்டு யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினார். கண்டி மன்னனைக் காண அவர் இவ்வழியாகத்தான் போனார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். கோட்டையில் கொடிகள் மாறின. ஆனால் படுவான்கரையின் நெல்லையும் ஆட்களையும் கட்டுப்படுத்தியவர்கள் உள்ளூர்த் தலைவர்களே. ஒல்லாந்த ஆவணங்களில் 'போடி' என்ற பட்டம் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒல்லாந்தக் கம்பனியின் அதிகாரியாக மட்டக்களப்பில் இருந்த ஜேக்கப் பேர்னாண்ட், 1794இல் தமக்குப் பின் வருபவருக்கென ஒரு நீண்ட குறிப்பு எழுதிவைத்தார். நெற்செய்கையைப் பெருக்குவதே அவருடைய பெரிய அக்கறை. அந்த நெல்லுக்கு அவர் நம்பியிருக்க வேண்டியிருந்தது இந்தத் தலைவர்களைத்தான்.

போடியாரின் ஆட்சி

பிரித்தானியர் காலத்தில் போடியாரின் கை மேலும் ஓங்கியது. 1856இல் பாசனச் சட்டம் வந்தது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் புனரமைக்கப்பட்டன. புதிதாக நீர் பாய்ந்த நிலங்கள், பணமும் எருமை மாடும் ஆள்பலமும் உடையவர்களிடம் சேர்ந்தன.

போடியாரின் வயல் எப்படி இயங்கியது? விதைநெல் போடியாருடையது, உழவுக்கும் சூடு மிதிக்கவும் எருமைகள் அவருடையவை. வயலைப் பார்ப்பவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே வயற்காரர்கள். விளைச்சல் களத்துக்கு வந்ததும் முற்பணமும் விதைநெல்லும் கழிக்கப்படும். எஞ்சியதே உழைத்தவனின் பங்கு. மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பங்கு கடனாக மாறி அடுத்த போகத்துக்குத் தொடரும். சலவை, சிகை, பறை என்று ஊழியம் செய்த சாதியினருக்கு அறுவடை நெல்லில் ஓர் அளவு உண்டு. கோயிலிலும் கிணற்றிலும் ஓர் எல்லையும் உண்டு. ஊர் வழக்கைத் தீர்ப்பதும் கோயில் காரியம் பார்ப்பதும் போடிமார் கையில். இவற்றை மறைத்துப் 'பொற்காலம்' என்று எழுத நான் விரும்பவில்லை. ஜேர்மனிய நிலப்பிரபுவுக்கும் நம் போடியாருக்கும் இந்த வகையில் பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு வீட்டில் இருக்கிறது.

மனைவியின் வீட்டில் வாழ்ந்த பிரபு

ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களில் மாளிகையும் நிலமும் பொதுவாக ஆண்வழியில் ஒரு மகனுக்குப் போயின. ஜேர்மனியில் குடும்ப ஆதனத்தைப் பிரிக்கவும் விற்கவும் முடியாதபடி கட்டிவைக்கும் ஒரு சட்ட ஏற்பாடே இருந்தது. அதைக் கலைக்க வேண்டுமென்று 1919இன் வைமார் அரசியலமைப்பு சொல்ல வேண்டியிருந்தது. பிரியாத சொத்து, ஒரே வாரிசு, ஒரே வீடு. தலைமுறைதோறும் செல்வம் அதே சுவர்களுக்குள் குவிந்தது. மாளிகை உயர்ந்தது.

மட்டக்களப்பில் நிலைமை தலைகீழ். இங்கே குடி தாய்வழி வருவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று எந்தக் குடியாயினும், பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. ஒரே குடிக்குள் மணவுறவு இல்லை. கோயில்களில் வண்ணக்கர் பொறுப்பும் குடிமுறைப்படியே அமைந்தது. திருமணமானதும் இடம்பெயர்பவன் மணமகன். அவன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். அந்த வீடு அவளுக்குப் பெற்றோர் கொடுத்த சீதனம்.

இதன் பொருளைச் சற்று நிதானித்து எண்ணிப்பாருங்கள். ஊரே நடுங்கிய போடியார், 'போடியார் வீடு' என்று ஊர் அழைத்த வீட்டில், சட்டப்படி மனைவியின் வீட்டில் குடியிருந்தவர். வாசலில் அவர் பெயர். உறுதியில் அவளுடைய பெயர்.

அத்துடன் முடியவில்லை. மூத்த மகளுக்குக் கல்யாணமானதும் அந்த வீடு அவளுக்குப் போய்விடும். பெற்றோர் மற்றப் பிள்ளைகளுடன் அருகிலேயே, பலவேளை அதே வளவில், இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளின் முறை வரும்போது அந்த வீடும் கைமாறும். இறுதியில் இளைய மகளின் வீட்டில் முதுமையைக் கழிப்பார்கள். இரண்டு பெண்கள் என்றால் இரண்டு வீடு. ஐந்து பெண்கள் என்றால் ஐந்து வீடு. ஓர் ஊரின் பழைய தெருவில் நடந்தால், அடுத்தடுத்த வளவுகள் அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா என்று தாய்வழிச் சங்கிலியாகப் பிணைந்திருப்பதைக் காணலாம்.

நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். போடியாரின் செல்வம் ஒரு மாளிகையாக உயரவில்லை. மகள்மாரின் வீடுகளாகப் பரந்தது. ஜேர்மனியச் சிற்றூரில் செல்வம் ஒரு கட்டடமாக நிற்கிறது. படுவான்கரையில் அது ஒரு தெருவாகக் கிடக்கிறது.

தாய்வழி என்றாலே மாளிகை இராது என்று சொல்லிவிடவும் முடியாது. கேரளத்தில் தறவாடு வீடுகள் பெரியவை. ஏனெனில் அங்கே தாய்வழிச் சொத்து கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்தாகப் பிரியாமல் இருந்தது. 1975இல் கேரளச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அந்தக் கூட்டுரிமையை ஒழித்தது. மட்டக்களப்பில் வீடு ஒவ்வொரு மகளுக்கும் தனித்தனியே எழுதப்பட்டது. ஆகவே இங்கே பிரியாத வீடும் இல்லை. வீடில்லாத மகளும் இருக்கக்கூடாது என்பதே வழக்கு.

இது தமிழரின் வழக்கு மட்டுமன்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடிகள் உள்ளன. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் உள்ளது. எத்தனையோ குருதி சிந்தப்பட்ட பிறகும் இரு சமூகங்களையும் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்று காட்டும் சான்றுகளுள் இது முதன்மையானது. அக்கரைப்பற்றில் 1969 தொடக்கம் ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மரபுக் கதையும் இதையே சொல்கிறது. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', கலிங்க தேசத்திலிருந்து வந்த உலகநாச்சி என்ற அரசகுமாரி மன்னனிடம் நிலம் பெற்று மண்முனையை ஆண்டதாகக் கூறுகிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் தொடக்கத்தையும் ஊர் மரபு அவளோடு இணைக்கிறது. இதை வரலாறென்று நிறுவ முடியாது. ஆனால் தன் முதல் வளவை ஒரு பெண்ணின் பெயரில் எழுதிவைத்துக்கொண்ட ஊர், தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அது காட்டுகிறது.

மேசையில் எழுதிய சட்டங்கள்

1876ஆம் ஆண்டில் கொழும்பில் இரண்டு காரியங்கள் நடந்தன. கிறிஸ்தோப்பர் பிரிட்டோ என்பவர் முக்குவரின் மரபுரிமை வழக்கைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் அரசாங்கம் மண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டத்தை இயற்றியது. முதுசொம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் பழைய முறை ஒரு கையால் எழுதிவைக்கப்பட்டது. இன்னொரு கையால் அதன் சட்ட வலிமை எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை இன்றும் சட்டமாக நிற்கிறது. முக்குவர் சட்டம் நூலாக மட்டும் எஞ்சியது.

ஆயினும் மக்கள் விட்டுவிடவில்லை. மகளுக்குச் சீதனம் எழுதிக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உறுதி முடித்து வீட்டை மகளுக்குக் கொடுத்தார்கள். சட்டத்தில் செத்த தாய்வழி சீதன உறுதியில் உயிர்வாழ்ந்தது.

அடுத்த அடி 1935இல் வந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் மூலம் விவசாயிகளுக்கு வழங்க வழிசெய்தது. நல்ல நோக்கம். ஆனால் அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரிமையாளரை நியமிக்காமல் இறந்து, துணையும் இல்லாவிடில், உரிமை மகன்மாருக்கு முதலில் போகும், மகள்மார் அடுத்தே. அனுமதியின்றிக் கைமாற்றவும் பிரிக்கவும் முடியாது. ஆக, ஊருக்குள் வீடு மூத்த மகளுக்கு; ஊருக்கு வெளியே அரசு கொடுத்த காணி மூத்த மகனுக்கு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாக, குடியேற்றக் காணி பெருகப் பெருக, மகள்மாருக்கு எழுதிக்கொடுக்க முடியாத நிலமும் பெருகியது. இந்தப் பால் வேற்றுமையை நீக்கும் திருத்தம் 2022இல்தான் நிறைவேறியது. எண்பத்தேழு ஆண்டுகள்!

போடியாரின் ஆட்சி இதற்கிடையே தளர்ந்தது. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. மூத்தவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்குக்குப் பயன்படுத்தும் 1978 நவம்பர் 23இன் சூறாவளி, கூரைகளையும் தென்னைகளையும் ஓரிரவில் சாய்த்தது. பிறகு போர். 1987 ஜனவரியிலும் 1991 ஜூன் 12ஆம் நாளிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் நடந்த படுகொலைகளை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது. ஊர் சொல்லும் எண்ணிக்கை அதன் இருமடங்கினும் அதிகம். 2007இல் படை நடவடிக்கையின்போது படுவான்கரை மக்கள் கையில் அகப்பட்டதோடு வாவியைக் கடந்து ஓடினார்கள். அந்தப் பைகளில் உறுதிகள் எத்தனை இருந்தன, எத்தனை வீட்டோடு எரிந்தன என்று எந்தக் கச்சேரியிலும் கணக்கில்லை.

ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். போர் ஆயிரக்கணக்கான பெண்களைக் கைம்பெண்களாக்கியது. கணவன் போன பிறகும் அவர்களுள் பலர் வீதிக்கு வராமல் இருந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் இருந்த வீடு அவர்களுடையதாகவே இருந்தது. பக்கத்து வளவில் தாயோ சகோதரியோ இருந்தார். மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்படுதல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுக்காத ஒரு காப்புறுதியை, யாரோ ஒரு பூட்டி எப்போதோ எழுதிவைத்த உறுதி கொடுத்தது.

அலைக்குப் பின் வந்த வீடுகள்

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. புதிய இடங்களில் வீட்டுத்திட்டங்கள் எழுந்தன. உதவியவர்களின் மனம் பெரியது. அவர்களுடைய படிவம் சிறியது. அதில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கணவனின் பெயர் எழுதப்பட்டது.

அந்த ஆண்டுகளில் செய்தி சேகரிக்கப் போன ஓரிடத்தில், புது வீட்டின் படியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் வீடு யாருடையது என்று கேட்டேன். "முந்தின வளவு என்ட அம்மா தந்தது, மனே. இது அவர்ர பேரில வந்திரிக்கி. இனி நான் என்ட மகளுக்கு எதைக் குடுக்கிற?" என்றார். நான் அன்றைய செய்தியில் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையை எழுதினேன். அவருடைய கேள்விக்கு அந்தச் செய்தியில் இடமிருக்கவில்லை.

மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் இந்த வீடமைப்பை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மகள்மாருக்கென்று சிறுகச் சிறுகக் கட்டிவந்த சீதன வீடுகளையும் அலை கொண்டுபோனது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் அந்த இழப்பு தெரியவில்லை. அலைக்குமுன் மூன்று மகள்மாருக்கு மூன்று வளவு வைத்திருந்த தாய், அலைக்குப்பின் ஒரே வீட்டின் 'பயனாளி' ஆனாள். அதுவும் கணவனின் வழியாக.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதியில் பெயர் இருப்பதும் வீட்டில் அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல. கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பே 'தாய்வழிச் சமூகங்கள், ஆணாதிக்க யதார்த்தங்கள்' என்ற பொருள் தருவது. வயலின் வரவுசெலவை நடத்தியவர் போடியார்தான், அவருடைய மனைவியல்லர். ஏழைத் தகப்பனுக்கோ மகளின் வீடு வாழ்நாட் கடன். சுவர் எழும்பிக் கூரை ஏறாமல் நிற்கும் வீடுகளின் பின்னே, மத்திய கிழக்கில் உழைக்கும் தாயோ கல்யாண வயதைத் தாண்டிய சகோதரனோ இருப்பதை நாம் அறிவோம். இந்த மரபு யாருக்கும் சுமையாக இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சுமையைக் குறைக்கிறோம் என்று உரிமையையும் சேர்த்து இறக்கிவிடக்கூடாது. உலகின் பல நாடுகளில் இன்றைக்கும் பெண்ணுக்கு நிலவுரிமை கேட்டு இயக்கங்கள் நடக்கின்றன. நம் வாவிக்கரையில் அது கேட்காமலே இருந்தது. அதை எதிரிகள் பறிக்கவில்லை. சட்டம் இயற்றியவரும், காணி பகிர்ந்தவரும், நிவாரணம் கொண்டுவந்தவரும், ஒரு கட்டத்தில் ஒரு பெயரை எழுதியபடியே பறித்துவிட்டார்கள்.

ஜேர்மனியின் கிழக்குப் பகுதியில், 1945இல் சோவியத் ஆட்சியின் கீழ் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டன. பிரபுக்கள் போனார்கள், மாளிகைகள் நின்றன. பாடசாலையாகவும் அலுவலகமாகவும் அவற்றுள் பல மாறின. கல் நின்றதால் கதையும் நின்றது. படுவான்கரையில் நிற்பதற்குக் கல் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. காணி விலை ஏறியிருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பழைய வளவுகள் விற்கப்படுகின்றன. ஒரு வளவு விற்கப்படும்போது, அம்மம்மாவிலிருந்து பேத்திவரை வந்த ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி கழன்றுவிடுகிறது.

ஆகவே நண்பருக்கும், அவரைப் போல் கடல் கடந்து வாழும் கிழக்கிலங்கை வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ இதைக் கேளுங்கள்: இந்த வளவு உங்களுக்கு யார் தந்தது? அவருக்கு யார் தந்தது? அவருடைய குடி என்ன? நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர் கிடைத்தால் அதுவே ஒரு நூற்றாண்டு. அதை ஒரு தாளில் எழுதி, உறுதியின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். போடிமாரின் பெயர்கள் ஒல்லாந்தன் ஏட்டிலும் ஆங்கிலேயன் ஏட்டிலும் இருக்கின்றன. வீட்டுக்காரியின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.